லாரி நிற்கும் தூரம்

சென்னை மாதவரத்தில் லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, இரவு 9 மணிக்குக் கிளம்பும் லாரி திருச்சிக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும்? தூரம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சுங்கச்சாவடி வரிசை, டீக்கடை, டயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிறுத்தம் எல்லாம் போகச் சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சமயபுரத்தைத் தாண்டும்போது மணி நாலேகால் ஆகியிருக்கும். பிறகு கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம் தீவு, காவிரிப் பாலம். தீவைக் கடக்கச் சில நிமிடங்கள்தான். வலப்பக்கம் இருட்டில் ராஜகோபுரம் தெரியும். டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ‘ஊர் வந்தாச்சு’ என்று கொஞ்சம் தளர்ந்து உட்காரும் இடமும் அதுதான்.

மனித உடலுக்கு 24 மணி நேரத்தில் இதைவிட மோசமான நேரம் கிடையாது. மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு நரம்புக்கூட்டம் நம் உடலின் கடிகாரமாக வேலை செய்கிறது. வெளிச்சத்தை வைத்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் உடல் வெப்பநிலையை அது மிகக் கீழே இறக்கிவிடும். விழிப்பு மங்கும், கை கால் மந்தமாகும். இருபது வருடம் இரவு வண்டி ஓட்டியவருக்கும் இந்தக் கடிகாரம் மாறாது. பகலில் தூங்க முயன்றாலும் வெயிலும் வெளிச்சமும் சத்தமும் அதை மறுபடி பகலுக்கே இழுத்துவிடும். ‘எனக்குப் பழகிப்போச்சு’ என்று அனுபவசாலிகள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் பழகுவது தூக்கத்தோடு போராடும் முறைதான், தூக்கம் அல்ல.

சாலையின் அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலுக்கு முன்பும்தான் நடக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டம் வருவதும் இருள் பிரியாத நேரத்தில். வாழைத்தார், காய்கறி ஏற்றிய சின்ன வண்டிகள் காந்தி மார்க்கெட்டுக்கு ஓடுவதும் அப்போதுதான். 2023 மார்ச்சில் திருச்சி–நாமக்கல் சாலையில் திருவாசி அருகே லாரியும் ஆம்னி வேனும் மோதி ஆறு பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் தஞ்சை–திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் மீது சரக்கு வாகனம் ஏறி ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டும் அதிகாலையில் நடந்தவை. அந்த வண்டிகளில் என்ன நடந்தது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது விசாரணைதான். என் கண்ணில் படுவது அந்த நேரம்.

சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, சிதம்பரம் என்று தேசிய நெடுஞ்சாலைகள் எல்லாம் வந்து முடிச்சுப் போடும் ஊர் திருச்சி. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து சிமெண்ட், பெல் நிறுவனத்தின் கொதிகலன் பாகங்கள், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர், காவிரிக்கரை வாழை எல்லாம் இந்த முடிச்சின் வழியாகத்தான் போயாக வேண்டும். எனவே லாரி எப்படி நிற்கிறது, ஏன் நிற்க மறுக்கிறது என்பதை டிரைவர் மட்டுமல்லாமல், அதே சாலையில் ஸ்கூட்டரில் போகிற நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். லாரி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. நொடிக்கு 16.7 மீட்டர். எதிரே ஒரு மாடு. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பெடலுக்குப் போக ஒன்றரை நொடி. விழிப்பாக இருக்கும் டிரைவருக்கே இவ்வளவு ஆகும். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். பெடலை மிதித்த உடனே லாரி பிரேக் பிடிக்காது. காரில் பெடலின் அழுத்தத்தை எண்ணெய் நொடிப்பொழுதில் சக்கரத்துக்குக் கடத்திவிடும். லாரியில் அந்த வேலையைச் செய்வது காற்று. பெடல் ஒரு வால்வைத் திறக்க, டாங்கியில் அடைத்துவைத்த காற்று குழாய்களில் ஓடி ஒவ்வொரு சக்கரத்தையும் அடைந்து, அங்கே அழுத்தம் ஏறி, லைனர் டிரம்மைப் பிடிக்க ஏறத்தாழ அரை நொடி போய்விடும். இன்னொரு 8 மீட்டர். அதற்குப் பிறகுதான் வேகம் குறையவே ஆரம்பிக்கிறது. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், ஒழுங்காக செட் பண்ணிய பிரேக் என்றால் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 4.5 மீட்டர் வேகம் குறையும் என்று கொள்ளலாம். நிற்க இன்னும் 31 மீட்டர். மொத்தம் 64 மீட்டர்.

இப்போது அதே லாரி 80-இல் வருகிறது. யோசிக்கும் நேரமும் காற்று ஓடும் நேரமும் சேர்த்து 44 மீட்டர், பிடித்து நிற்க 55 மீட்டர். மொத்தம் 99. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகிறது. இன்னொரு கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. 60-இல் வந்த லாரி மாட்டுக்கு முன்னால் நின்றுவிட்ட அதே இடத்தை, 80-இல் வந்த லாரி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். ‘கொஞ்சம்தானே கூட’ என்று நாம் நினைக்கும் அந்த 20 கிலோமீட்டர், தப்பிப்பதற்கும் சாவதற்கும் நடுவில் இருக்கிறது. சரக்கு வாகனங்களுக்கு நான்குவழிச் சாலையில் 80, நகருக்குள் 60 என்று உச்ச வேகம் வைத்திருக்கிறார்கள். டிப்பர், டேங்கர் போன்றவற்றுக்கு 60-க்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கச் சொல்கிறது விதி. அந்தக் கருவியைப் பட்டறையில் கழற்றச் சொல்லும் முதலாளிகள் மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

மழை பெய்தால் எல்லாம் மாறிவிடும். முக்கியமாக முதல் மழையில். மாதக்கணக்கில் தாரில் படிந்த டீசல் கசிவும் ரப்பர் தூளும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து வழுக்கும். வேகம் குறைவது நொடிக்கு 3 மீட்டராகச் சரிந்தால் 80-இல் வரும் லாரி நிற்க 126 மீட்டர் வேண்டும். முன் வண்டிக்கும் நமக்கும் இடையே மூன்று நொடி இடைவெளி என்பது லாரிக்குக் குறைந்தபட்சம். முன் வண்டி கடந்த மைல்கல்லை நாம் எட்டும்வரை நொடியை எண்ணினால் போதும். மழையில் அது ஐந்தாறு நொடி ஆக வேண்டும். அந்த இடைவெளியில் எப்படியும் ஒரு கார் புகுந்துவிடும், உண்மைதான். புகுந்தால் மறுபடி காலை எடுத்து இடைவெளியை உண்டாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பிரேக் செய்வது ஒரே வேலைதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. 49 டன் எடையோடு 60-இல் ஓடும் வண்டியை ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் இருபது லிட்டருக்கு மேல் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சமதரையில் அந்தச் சூடு காற்றில் ஆறிவிடும். திருச்சி வண்டிகள் பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகின்றனவே, அங்கேதான் சிக்கல். இறக்கம் முழுக்கக் காலைப் பிரேக்கில் வைத்திருந்தால் சூடு ஆற நேரமே கிடைக்காது. டிரம் விரிந்து லைனரைவிட்டு விலகும். லைனரின் பிடிமானமும் சூட்டில் குறையும். மேலும் மேலும் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கக் காற்றும் செலவாகும். எரிந்த வாடை மூக்கில் ஏறும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். செய்தித்தாள் மறுநாள் ‘பிரேக் பிடிக்காததால்’ என்று எழுதும். பிரேக் பிடித்துப் பிடித்தே தீர்ந்துபோனது என்று எழுதுவதுதான் சரி.

அதனால்தான் பழைய டிரைவர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். எஞ்சினையே தடையாக வைத்து இறங்குவது அது. எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. கால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கலாம், டிரம்முக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது இந்தப் பாதுகாப்பு முழுவதையும் ஒரே அசைவில் தூக்கி எறிவது. எஞ்சினையும் அணைத்துவிட்டால் காற்று நிரப்பும் கம்ப்ரெஸ்ஸரும் நிற்கும், ஸ்டீரிங்கும் கல்லாகக் கனக்கும். 2020 டிசம்பரில் தொப்பூரில் ஒரு சிமெண்ட் லாரி வரிசையாக நின்ற கார்கள் மீது பாய்ந்து நான்கு பேர் இறந்தது தமிழ்நாடே பார்த்த காட்சி.

காற்று பிரேக்கில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் காற்று உள்ளே போய் ஒரு முரட்டு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிறது. ஸ்பிரிங்கின் குணம் பிரேக்கை இறுக்குவது. காற்றுதான் அதை விலக்கி வைத்திருக்கிறது. குழாய் அறுந்து காற்று போய்விட்டால் ஸ்பிரிங் தானே விரிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். பழுதானால் ஓடாதே, நில் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் யோசனை. டேஷ்போர்டில் முள் கீழே இறங்கி அலாரம் கத்தும்போது, ‘அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டுகிறவர் இந்த யோசனையை ஏமாற்றுகிறார். வண்டி தானே இறுக்கிக்கொள்ளப்போகும் இடம் பாலத்தின் நடுவாகவும் இருக்கலாம்.

அதிக லோடு பற்றிச் சுருக்கமாக. 2018-இல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தி, மூன்று ஆக்ஸில் லாரிக்கு 28.5 டன் என்றும், டிரெய்லர் வகைகளுக்கு அதிகபட்சம் 55 டன் என்றும் வைத்தது. வரம்புக்கு மேல் கால்பங்கு ஏற்றினால் டிரம்மில் பிறக்கும் சூடும் கால்பங்கு கூடும். டிரம்மின் அளவு கூடாது. டயருக்கும் அதே கதிதான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிந்து உள்ளுக்குள்ளேயே சூடாகும். திருச்சியின் அக்னி நட்சத்திர வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் பகலில் தார்ச்சாலை அதைவிடக் கொதிக்கும். வெடிக்க வேறென்ன வேண்டும்? கிளீனர்கள் இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்துச் சொல்லும் வழக்கம் முற்றிலும் காலியான டயரைக் காட்டிக்கொடுக்கும், குறிப்பாக உள்ளே மறைந்திருக்கும் ஜோடி டயரை. ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்திருப்பது அந்தச் சத்தத்தில் தெரியாது. அதற்கு அளவி வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் டயர் ஆறியிருக்கும்போது.

உயரமாக ஏற்றிய வண்டிக்கு இன்னொரு ஆபத்து. 50 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் கார் மணிக்கு 70-ஐ நெருங்கும்போது வழுக்கத் தொடங்கும். பாரத்தின் மையம் உயரத்தில் இருக்கும் லாரி அதே வளைவில் 47 வாக்கிலேயே கவிழத் தொடங்கிவிடும். கவிழ்வதற்கு முன் வழுக்கி எச்சரிக்காது. டிரெய்லராக இருந்தால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு உறைக்கவே உறைக்காது. பைபாஸிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வளைவுகளில் வேகத்தைத் திரும்பும் முன்பே குறைத்துவிட வேண்டும். திரும்பிக்கொண்டிருக்கும்போது குறைக்கப் பார்ப்பது பயன் தராது.

ஊருக்குள் வந்தால் வேகம் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. திருவானைக்காவல் பக்கமோ, மாம்பழச்சாலையிலோ ஒரு லாரி இடதுபுறம் திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிப் போகும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 5.6 மீட்டர் உள்ள லாரி 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின் சக்கரம் ஏறத்தாழ 1.4 மீட்டர் உள்ளே தள்ளி வரும். ஒரு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருக்கும் இடம் முழுவதும் அதில் அடக்கம். லாரி முதலில் வலதுபக்கம் ஒதுங்கிப் பிறகு இடதுபக்கம் வளைவதே இதற்காகத்தான். ஒதுங்கியதும் இடப்பக்கம் ஒரு சந்து திறக்கிறது. நாம் அதை நமக்குக் கிடைத்த வழி என்று நினைத்து வண்டியை நுழைக்கிறோம். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், உயரத்தில். இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருப்பவரை அவரால் பார்க்க முடியாது. லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதி ஓரம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஓடும் லாரியைப் பற்றி இவ்வளவு பேசினோம். நிற்கும் லாரி அதற்குக் குறைந்ததல்ல. ‘சாலையோரம் நின்றிருந்த லாரி மீது கார் மோதி’ என்று தொடங்கும் செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! காரோட்டி தூங்கிவிட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். எப்போதும் அப்படியல்ல. ஒரு பொருள் நம்மை நெருங்குவதைக் கண் அளப்பது, அதன் உருவம் பெரிதாகும் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 90-இல், அதாவது நொடிக்கு 25 மீட்டரில் வரும் காருக்கு, 200 மீட்டர் தூரத்தில் நிற்கும் லாரியின் உருவம் இரண்டு மடங்காக 4 நொடி ஆகும். அடுத்த இரண்டு மடங்குக்கு 2 நொடி. அதற்கடுத்ததற்கு 1 நொடி. ஆக, வெகுநேரம் ஒன்றுமே மாறாதது போலிருந்து, கடைசி நொடிகளில் எல்லாம் ஒன்றாக மேலே விழும். பின் விளக்கு எரிந்தால்கூட அது ஓடும் லாரியா நிற்கும் லாரியா என்று தூரத்தில் பிரித்தறிய முடியாது. விளக்கும் இல்லை, ஒளிரும் சிவப்புப் பட்டையில் சேறு படிந்திருக்கிறது என்றால், டிம் வெளிச்சத்தில் லாரி கண்ணில் படும்போது மிச்சம் இருப்பது இரண்டு நொடிகூட இருக்காது.

ஆகவே வண்டி நின்றால் முதல் வேலை நான்கு இண்டிகேட்டரையும் போடுவது, இரண்டாவது வேலை எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பது. பத்தடி தள்ளி வைத்தால் பயனில்லை. நெடுஞ்சாலையில் ஐம்பது மீட்டருக்குக் குறையக்கூடாது என்பேன், வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். கல்லை வைத்து, இலைக்கொத்தைப் போட்டு அடையாளம் காட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வண்டி கிளம்பியபின் அந்தக் கல் அங்கேயே கிடந்து அடுத்து வரும் பைக்கைச் சாய்க்கிறது.

தூக்கத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன ஒன்றரை நொடி விழித்திருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். 1997-இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் செயல்படும் விதம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போல ஆகிவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். நம் நாட்டில் மது அருந்தி ஓட்டிய குற்றத்துக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 6 மணிக்கு எழுந்து, லோடுக்காகப் பகல் முழுக்கக் காத்திருந்து, இரவு 9-க்குக் கிளம்பிய டிரைவர் மதுராந்தகம் பக்கம் வரும் இரவு 11 மணிக்கே அந்த அளவைத் தாண்டிவிடுகிறார். ஒரு சொட்டுக் குடிக்காமல். ஊதச் சொல்லும் கருவியிலும் இது பிடிபடாது.

கண் அயர்வது ஒருசில நொடி. மூடிய கண் என்று இல்லை, திறந்த கண்ணோடும் மூளை அணைந்துவிடும். 60-இல் நான்கு நொடி என்றால் 67 மீட்டர், யாரும் ஓட்டாத வண்டி. சத்தமாகப் பாட்டு, ஜன்னல் காற்று, முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதைக் கரைப்பது தூக்கம் ஒன்றே. டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் அதைக் கரைக்காது, அடினோசின் போய் ஒட்டும் இடத்தை மறைத்துக்கொள்ளும், அவ்வளவே. அதற்கும் அரைமணி ஆகும். அதனால் டீயைக் குடித்தவுடன் சாவியைத் திருகாமல், டீயைக் குடித்துவிட்டு 20 நிமிடம் படுத்துவிடுவது நல்ல உபாயம். எழும்போது தூக்கமும் கொஞ்சம் கழிந்திருக்கும், டீயும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுந்ததும் பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி நடந்து டயரைப் பார்க்கட்டும், உடனே எடுக்க வேண்டாம். கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால், அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். நிறுத்த வேண்டிய இடத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், ஏனென்றால் தூக்கம் வந்தபின் ‘இன்னும் பத்து கிலோமீட்டர்’ என்று சொல்வதே தூக்கம்தான்.

ஆனால் எங்கே நிறுத்துவது? 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்று எழுதிவைத்தது. படுக்க இடமும் குளிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத சாலையில் அந்த ஓய்வு தாளில் மட்டும் இருந்தது. 2025-இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையத்தோடு கனரக வாகனங்களுக்கான முனையமும் திறக்கப்பட்டது நல்ல ஆரம்பம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்பதும் சொகுசு அல்ல. வெந்துகொண்டிருக்கும் கேபினில் பகலில் தூங்க முடியாதவர்தான் இரவில் கண் அயர்கிறார். விழுப்புரத்துக்கும் சமயபுரத்துக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு ஓர் இடமாவது, வெளிச்சமும் காவலும் உள்ள நிறுத்துமிடம் வேண்டும். டீசலும் சரக்கும் திருடு போகும் என்ற பயத்தில் தூங்காமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

மிச்சம் இருப்பது லாரி ஆபீஸ். வாடகை பேசும்போதே ‘விடியக்காலை அஞ்சு மணிக்கு இறக்கணும்’ என்று ஒரு நேரம் சொல்கிறார்களே, அந்த ஒரு வாக்கியம்தான் டிரைவர் தொப்பூர் இறக்கத்தையும் கொள்ளிடம் பாலத்தையும் எந்த மணியில் கடக்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. அஞ்சு மணியை எட்டு மணியாக்கினால், விக்கிரவாண்டிக்கு அப்பால் எங்கேயாவது இரண்டரை மணி நேரம் படுத்து எழுந்து வர அவருக்கு அவகாசம் கிடைக்கும். சரக்கு அனுப்புகிற வியாபாரிகளும், இறக்கிக்கொள்கிற கிடங்குக்காரர்களும் சேர்ந்து ரசீதில் அந்த நேரத்தை மாற்றி எழுத வேண்டும். திருச்சியின் லாரி உரிமையாளர்களும் வணிகர்களும் அடுத்த முறை வாடகை பற்றிப் பேச உட்காரும்போது, டீசல் விலைக்கு அடுத்தபடியாக இதையும் எடுக்கட்டும்.